வாளும் மந்திரமும் ஆளும் கேமில் துப்பாக்கி வரலாமா?

கேள்வி இது: ஃபேண்டஸி ஆர்பிஜி கேம்களில், அதாவது ஒரு பாத்திரத்தை ஏற்று வளர்த்து ஆடும் கற்பனை உலகக் கேம்களில், பழைய காலத்துத் துப்பாக்கிகளை வைப்பது பொருந்துமா? வாள், வில், டிராகன், மந்திரவாதி என்று போய்க்கொண்டிருக்கும் உலகில் ஒருவன் துப்பாக்கியைத் தூக்கிச் சுட்டால் அதுவரை கட்டிய மாயமெல்லாம் கலைந்துவிடாதா? அப்புறம், துப்பாக்கி கைக்கு வந்தபின் வாளை யார் தொடுவார்கள்?

பொருந்தும் என்பதே என் பதில். ஆனால் பல கேம்களில் அது சரியாக உட்காரவில்லை என்பதும் உண்மை. எங்கே உட்காருகிறது, எங்கே துருத்திக்கொண்டு நிற்கிறது என்று பார்த்தால், எல்லாம் ஒரே விஷயத்தில் வந்து முடிகிறது: அந்த உலகத்தில் மந்திரம் யார் கையில் இருக்கிறது, துப்பாக்கி யார் கையில் இருக்கிறது? இதை யோசித்துச் செய்த கேம்களில் துப்பாக்கி கதையோடு கலந்துவிடுகிறது. யோசிக்காத கேம்களில் அது சத்தம் போடும் குறுக்குவில்லாக மட்டும் இருந்துவிட்டுப் போகிறது.

முதலில் வரலாற்றுப் பக்கத்தை முடித்துவிடலாம். "அந்தக் காலத்தில் துப்பாக்கியே கிடையாதே" என்பதைத்தான் பெரும்பாலானவர்கள் முதலில் சொல்கிறார்கள். எந்தக் காலத்தில்? கேமில் நம் வீரன் போட்டுக்கொள்ளும், தலைமுதல் கால்வரை மூடும் இரும்புத் தகட்டுக் கவசம் ஐரோப்பாவில் முழு வடிவம் பெற்றது 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். சீனாவில் கிடைத்த ஹெய்லோங்ஜியாங் கைப்பீரங்கி 1288-ஐ ஒட்டியது. இங்கிலாந்தில் 1326-இல் உருவான ஒரு கையெழுத்துப் பிரதியில் ஜாடி வடிவப் பீரங்கியின் படம் இருக்கிறது. 1346-இல் கிரெசி போரில் ஆங்கிலேயர்கள் பீரங்கி கொண்டு போயிருந்தார்கள். ஜெர்மனியின் டானன்பெர்க் கோட்டை 1399-இல் தகர்க்கப்பட்டது. அதன் இடிபாட்டிலிருந்து ஒரு கைத்துப்பாக்கி கிடைத்திருக்கிறது. ஆக, வயதில் மூத்தது துப்பாக்கி. நாம் 'மத்திய காலம்' என்றவுடன் நினைத்துக்கொள்ளும் அந்தப் பளபளக்கும் முழுக் கவசம் அதற்குப் பின்னால் வந்தது. ஆள் உயரத்துக்கு இருக்கும் இரண்டு கை வாள் பெரும்பாலும் 16-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. ரேப்பியர் என்ற மெல்லிய குத்துவாளும் அப்படியே. இவற்றையெல்லாம் உள்ளே விட்டுவிட்டுத் துப்பாக்கியை மட்டும் வாசலில் நிறுத்த வரலாறு துணைக்கு வராது.

சேர்ந்து இருந்ததற்குச் சான்றும் ஏராளம். இன்றைய செக் நாட்டுப் பகுதியான போஹேமியாவில் 1419 முதல் 1434 வரை நடந்த ஹுஸைட் போர்களைப் பாருங்கள். யான் ஜிஷ்கா என்ற ஒற்றைக்கண் தளபதி, பின்னாளில் இரண்டு கண்ணும் போன பிறகும் படையை நடத்தினார். அவருடைய ஆட்களில் பெரும்பகுதி குடியானவர்கள். வண்டிகளைச் சங்கிலியால் கோத்துக் கோட்டைபோல நிறுத்தி, அதற்குள்ளிருந்து கைத்துப்பாக்கியாலும் குறுக்குவில்லாலும் அடிப்பார்கள். குதிரைப்படை தடுமாறியதும் இரும்பு முள் பதித்த போரடிக்கும் தடிகளோடு வெளியே பாய்வார்கள். கண் தெரியாத தளபதி, மதப் போர், விவசாயிகளிடம் தோற்று ஓடும் மாவீரர்கள்: எந்த ஃபேண்டஸி கேமின் முன்கதையாகவும் இதை அப்படியே வைக்கலாம். துப்பாக்கியை மட்டும் எடுத்துவிட்டால் அந்தக் கதையே நிற்காது.

1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலப் போர்க்கப்பலை மேலே தூக்கியபோது, வெண்கலப் பீரங்கிகளோடு நூற்றுக்கும் அதிகமான நீள்விற்களும் கிடைத்தன. இரண்டும் ஒரே கப்பலில் ஒரே நாளில் போருக்குப் போனவை. கோட்ஸ் ஃபான் பெர்லிஷிங்கன் என்ற ஜெர்மானிய வீரருக்கு 1504-இல் லாண்ட்ஷூட் முற்றுகையில் பீரங்கியடியால் ஒரு கை போயிற்று. விரல்கள் மடங்கும்படி இரும்புக் கை ஒன்றைச் செய்து மாட்டிக்கொண்டு 1562 வரை வாழ்ந்தார். இப்படி ஒரு பாத்திரத்தைக் கேமில் வைத்தால் "கொஞ்சம் ஓவராக இருக்கிறதே" என்பார்கள். வெடிமருந்து இருந்ததால்தான் அந்த இரும்புக் கை பிறந்தது.

நம் பக்கத்திலும் இதே கலவைதான். 1520-இல் ராய்ச்சூர் கோட்டையைக் கிருஷ்ணதேவராயர் முற்றுகையிட்டபோது, அவரோடு சேர்ந்த போர்த்துக்கீசியத் துப்பாக்கிக்காரர்கள் மதில்மேல் தலைகாட்டியவர்களைச் சுட்டு விலக்க, கீழே நின்றவர்கள் கடப்பாரையும் கம்பியும் கொண்டு மதிலின் கற்களைப் பெயர்த்தார்கள் என்று அக்காலக் குறிப்பு சொல்கிறது. அதற்குக் கிட்டத்தட்ட முந்நூறு ஆண்டு கழித்துக்கூட பாளையக்காரர் போர்களில் வளரி, வேல், துப்பாக்கி மூன்றும் ஒரே களத்தில் இருந்தன. வாளும் துப்பாக்கியும் ஒன்றாக இருக்கக்கூடாது என்பது பிற்காலத்தில் நாம் கேம்களிலிருந்தும் கதைகளிலிருந்தும் கற்றுக்கொண்ட ஒரு பழக்கம், அவ்வளவுதான்.

சரி, வரலாற்றில் இருந்தது என்பதற்காக ஃபேண்டஸியில் இருந்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. டிராகன் வரலாற்றில் இல்லை, ஆனாலும் வேண்டும். பாராசிட்டமால் இல்லை, அதைத் தேடவும் மாட்டோம். கற்பனை உலகம் எதை எடுத்துக்கொள்ளலாம், எதை விடலாம் என்பது அதைப் படைப்பவரின் உரிமை. "வரலாற்றுப்படி தவறு" என்ற வாதம் மட்டும் இங்கே செல்லாது என்பதற்காகத்தான் இவ்வளவு சொன்னேன்.

"துப்பாக்கி வந்தால் வாளுக்கு வேலை இல்லை" என்ற பயத்துக்கு வருவோம். இந்தப் பயம் நம் தலையில் இருக்கும் இன்றைய துப்பாக்கியிலிருந்து வருகிறது. 16-ஆம் நூற்றாண்டின் திரித்துப்பாக்கியை, அதாவது ஆர்கெபஸை, ஒருமுறை லோடு செய்வதை அருகிலிருந்து பார்ப்போம். வெடியுப்பில் ஊறவைத்த சணல் கயிறுதான் திரி. அது போர் முடியும்வரை கனன்றுகொண்டே இருக்க வேண்டும். ஒருமுனை அணைந்தால் மறுமுனையில் பற்றவைத்துக்கொள்ள வசதியாக இரண்டு முனையிலும் நெருப்பு வைத்திருப்பார்கள். லோடு செய்யும் முன் அந்தத் திரியைத் துப்பாக்கியின் கொக்கியிலிருந்து கழற்றி இடதுகை விரல்களுக்கிடையே பிடித்துக்கொள்ள வேண்டும். அதே இடது கையில்தான் துப்பாக்கியும் இருக்கிறது. வலது கையால் குழலுக்குள் மருந்தைக் கொட்ட வேண்டும். நெருப்புக்கும் மருந்துக்கும் இடையே ஒரு சாண்தான். அப்புறம் ஈயக் குண்டு, அது உருண்டு விழாமல் கொஞ்சம் அடைப்பு, கோலை உருவி உள்ளே குத்துவது, கோலைத் திரும்பச் செருகுவது. பக்கவாட்டில் இருக்கும் சின்னக் கிண்ணத்தைத் திறந்து நைஸான மருந்து கொஞ்சம் போட்டு, மூடி, சிந்திய துகளை ஊதித் தள்ளிவிட்டு, திரியைக் கொக்கியில் மாட்டி, நீளம் சரிபார்த்து, கங்கை ஊதிச் சிவக்கவைத்து, கிண்ணத்தைத் திறந்து, குறி பார்த்து, சுட வேண்டும். 1607-இல் வெளியான ஒரு டச்சுப் பயிற்சி நூல் இதை நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களாகப் போட்டுக் காட்டுகிறது. நன்கு பழகியவன் ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை, கைதேர்ந்தவன் அதைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுடலாம். மழை பெய்தால் போச்சு. இரவில் பதுங்கலாம் என்றால் திரியின் கங்கும் வாசனையும் காட்டிக்கொடுத்துவிடும்.

இவ்வளவு தொல்லையையும் பொறுத்துக்கொண்டு ஏன் வைத்திருந்தார்கள்? அடி அப்படி. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகர ஆயுதக் கிடங்கில் இருக்கும் பழைய துப்பாக்கிகளை 1980-களின் கடைசியில் நிஜமாகவே சுட்டுப் பார்த்தார்கள். குண்டு கிளம்பும் வேகம் நொடிக்குச் சுமார் 450 மீட்டர் வந்தது. வில்லிலிருந்து கிளம்பும் அம்பு நொடிக்கு 50, 60 மீட்டர் போகும். ஆனால் குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் சுருள் வரி இல்லாத துப்பாக்கியால், குறிப்பலகை நூறு மீட்டர் தள்ளி இருந்தபோது, ஆள் அளவு இலக்கில் பாதிக் குண்டுகள்தான் பட்டன. அதுவும் துப்பாக்கியைச் சட்டத்தில் இறுக்கிக் கட்டிவைத்துச் சுட்டபோது.

கேம் டிசைனர் கண்ணால் இதைப் பாருங்கள்: மிகப் பெரிய ஒற்றை அடி, கவசத்தைத் துளைக்கும், குறி சுமார், அடுத்த அடிக்கு நீண்ட காத்திருப்பு, ஈரத்தில் வேலை செய்யாது, சத்தத்தால் ஊருக்கே தெரிந்துவிடும், மருந்தும் குண்டும் காசு கொடுத்து வாங்கவேண்டும். இவ்வளவு இயல்பான குறைகளோடு வரும் ஆயுதம் வேறு எது இருக்கிறது? வாளுக்கு வேலை இல்லாமல் போவதற்குப் பதில், முதல் குண்டுக்கும் இரண்டாம் குண்டுக்கும் நடுவே உயிரோடு இருக்க வாள் தேவைப்படுகிறது. 16-ஆம் நூற்றாண்டுக் குதிரைவீரர்கள் சிலர் சேணத்தில் இரண்டு மூன்று பிஸ்டலைச் செருகிக்கொண்டு போய், எல்லாவற்றையும் சுட்டுவிட்டு, அப்புறம் வாளை உருவியது இதனால்தான். கவசம் செய்தவர்களும் சும்மா இருக்கவில்லை. செய்த மார்புக்கவசத்தின்மேல் தாங்களே ஒரு குண்டைச் சுட்டு, பட்ட பள்ளத்தை அப்படியே விட்டு விற்றார்கள். தாங்கும் என்பதற்கு அதுவே சாட்சி. ஒரு கேமில் இந்தப் பள்ளத்தை வைத்து மட்டுமே ஒரு நல்ல கொல்லன் பாத்திரத்தை எழுதலாம். இதுவரை யாரும் எழுதி நான் பார்க்கவில்லை.

பல கேம்கள் கோட்டை விடுவது இங்கேதான். ரீலோடை அரை நொடியாகச் சுருக்கிவிடுகிறார்கள். காத்திருப்பது போரடிக்கும் என்று பயம். சுருக்கியதும் துப்பாக்கி தன் குணத்தை இழந்துவிடுகிறது. மீதம் இருப்பது புகை அனிமேஷன் மட்டும். 2019-இல் வந்த கிரீட்ஃபால் எனக்குப் பிடித்த கேம்தான். 17-ஆம் நூற்றாண்டுச் சாயலும், குடியேற்ற அரசியலும், முக்கோணத் தொப்பியும் அழகாகச் சேர்ந்திருக்கும். ஆனால் சண்டையில் அதன் துப்பாக்கி, குண்டு தீரும்வரை தட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு பட்டன், அவ்வளவே. இதற்கு நேர்மாறாக, 2015-இல் வந்த பிளட்போர்னில் துப்பாக்கியின் அடி ஒன்றும் பெரிதில்லை. எதிரி அடிக்கக் கை ஓங்கும் அந்த ஒரு நொடியில் சுட்டால் அவன் நிலைகுலைவான். அதுதான் அதன் வேலை. வைத்திருக்கக்கூடிய குண்டுகளும் குறைவு. தீர்ந்தால் தன் உயிரில் கொஞ்சத்தைக் கொடுத்து ரத்தத்திலிருந்து குண்டு செய்துகொள்ளலாம். ஒவ்வொரு குண்டுக்கும் முன் யோசிக்கவைக்கும் கேம் அது.

ஆனால் சண்டைக் கணக்கு சரியாக வந்தாலும் மனம் ஏற்க வேண்டுமே. மூட் கெடுகிறது என்பவர்களை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். அது உண்மையான உணர்வு. வாள் நமக்குத் தூரத்துப் பொருள். துப்பாக்கி செய்தியில் வருகிறது, போலீஸ்காரர் இடுப்பில் தொங்குகிறது. கேமில் ஒருவன் ஐந்து வெட்டு வாங்கிக்கொண்டு சண்டை போட்டால் கேட்காமல் ஏற்றுக்கொள்கிறோம்; நெஞ்சில் ஐந்து குண்டு வாங்கிக்கொண்டு நின்றால் உறுத்துகிறது. கழுத்தில் இறங்கும் கோடரியும் ஆளைக் கொல்லத்தான் செய்யும். உயிரை எண்ணாகக் கணக்கிடும் ஹிட் பாயிண்ட் என்ற ஏற்பாடு இரண்டிலுமே பொய்தான். துப்பாக்கி அந்தப் பொய்யை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது.

இதற்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது. அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வாள் வீச்சும் வில்வித்தையும் பல ஆண்டுப் பயிற்சியில் வருபவை. துப்பாக்கியைச் சில வாரங்களில் கற்றுக்கொடுத்துவிடலாம். பயார் என்ற பிரெஞ்சு வீரரை அஞ்சாத, குறையற்ற வீரர் என்று அவர் காலத்திலேயே கொண்டாடினார்கள். 1524-இல் இத்தாலியில் பின்வாங்கும் படையின் பின்வரிசையைக் காத்து நின்றபோது, யாரோ ஒருவன் சுட்ட ஆர்கெபஸ் குண்டு முதுகில் பட்டு இறந்தார். சுட்டவன் பெயர் வரலாற்றில் இல்லை. இருபத்தோரு ஆண்டுக்கு முன்பே, 1503-இல் செரிஞ்ஞோலாவில், பள்ளம் வெட்டி அதன்பின் நின்ற ஸ்பானியத் துப்பாக்கிக்காரர்கள் பிரெஞ்சுப் படைத்தலைவரான நெமூர் பிரபுவையே வீழ்த்தியிருந்தார்கள். பெயர் தெரியாத ஒருவன் பேர்பெற்ற வீரனைக் கொல்ல முடிகிற உலகம் அது. ஆர்பிஜி என்பதோ, ஒருவன் லெவல் லெவலாக உயர்ந்து நிகரற்றவன் ஆகும் கதை. இந்த இரண்டும் மோதும். துப்பாக்கியைக் கேமில் வைக்கும் ஒவ்வொருவரும் இந்த மோதலுக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்து அதற்கு நல்ல பதில் சொன்னது பில்லர்ஸ் ஆஃப் எட்டர்னிட்டி. அப்சிடியன் நிறுவனம் 2012-இல் ரசிகர்களிடமே பணம் திரட்டி, 2015-இல் வெளியிட்ட கேம். ஜாஷ் சாயர் இயக்கியது. அதன் உலகமான எயோராவில் துப்பாக்கி புதிதாக வந்த பொருள்; பிஸ்டல், ஆர்கெபஸ், சிதறு குண்டு போடும் பிளண்டர்பஸ் எல்லாம் உண்டு. லோடு செய்ய நேரம் பிடிக்கும், அடி பலம். பெரும்பாலான படைகள் இன்னும் வில்லையும் வாளையும்தான் நம்புகின்றன. அப்படியென்றால் துப்பாக்கியை யார் வாங்குகிறார்கள்? மந்திரவாதிகளைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள்.

காரணம் இது: அந்த உலகின் மந்திரவாதிகள் ஆபத்து நேரத்தில் தங்களைச் சுற்றி ஆர்கேன் வெய்ல் என்ற மாயத்திரையை எழுப்பிக்கொள்வார்கள். வாளும் அம்பும் அதில் பட்டுச் சறுக்கும். துப்பாக்கிக் குண்டு மட்டும் அதைத் துளைத்துக்கொண்டு போய்விடும். கதையில் எழுதியதோடு நிற்காமல், சண்டையின் விதியிலேயே அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். மெல்லிய உடையில், ஊரையே எரிக்கும் ஆற்றலோடு நிற்கும் ஒருவருக்கு எதிராக, மந்திரம் அறியாத ஒரு சாதாரண ஆளுக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு அந்தத் துப்பாக்கி. பயாரைக் கொன்ற அந்தப் பெயரற்ற ஆளின் இடம் இங்கே மாறிவிடுகிறது: வீரத்தின் எதிரியாக இருந்தவன், மந்திர ஆதிக்கத்தின் எதிரி ஆகிறான். ஃபேண்டஸி உலகில் பிறவியிலேயே அதிகாரம் பெற்றவர்கள் மந்திரவாதிகள். அவர்களுக்கு எதிர்த்தட்டில் துப்பாக்கியை வைத்தவுடன் அது அந்த உலகத்தின் சொந்தப் பொருளாகிவிடுகிறது.

இதை மதத்திலும் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். நெருப்புக்கும் போருக்கும் உரிய தெய்வம் மாக்ரன். அவளுடைய பூசாரிகளின் புனித ஆயுதங்கள் வாளும் ஆர்கெபஸும். பழையதும் புதியதும் ஒரே தெய்வத்தின் இரண்டு கையில். கதைக்கு முந்தைய போரில், தெய்வமே உடலில் இறங்கியதாக நம்பப்பட்ட ஓர் ஆளை ஒரு பாலத்தின்மேல் பெரிய வெடிகுண்டு வைத்துத்தான் அழிக்கிறார்கள். காட்ஹாமர் என்று அதற்குப் பெயர். அதன் விளைவுகளைத்தான் முதல் கேம் முழுக்க நாம் சந்திக்கிறோம். வெடிமருந்தை எடுத்துவிட்டால் அந்தக் கதையின் அடித்தளமே போய்விடும்.

விளையாடும்போதும் இது நன்றாக இருக்கும். சண்டை தொடங்கும் முன் பார்ட்டியில், அதாவது நம் குழுவில், இரண்டு மூன்று பேர் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, எதிரி மந்திரவாதியைப் பார்த்து ஒரே சமயத்தில் சுடவைத்து, உடனே இரண்டாவது ஆயுத வரிசைக்கு மாற்றி வாளும் கேடயமுமாக முன்னே போகலாம். ரீலோடு செய்ய யாரும் நிற்பதில்லை. பிஸ்டலைச் சுட்டுவிட்டு வாளை உருவிய அந்தக் குதிரைவீரர்களின் உத்தியேதான். விதிகள் சரியாக இருந்ததால், யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஆடுபவர்கள் தாங்களே அங்கே போய்ச் சேர்ந்தார்கள். 2018-இல் வந்த இரண்டாம் பாகம் தீவுகளுக்கும் கடற்கொள்ளையருக்கும் நகர்ந்தது. கப்பல் பீரங்கிகளும் வந்தன. அதே உலகில் நடக்கும் அவவ்ட் 2025-இல் முதல்நபர் பார்வையில் வந்தபோது ஒரு கையில் பிஸ்டல், மறு கையில் மந்திரக்கோல் என்றே ஆடலாம். அந்த ஜோடி யாருக்கும் வினோதமாகப் படவில்லை என்றால், முதல் கேம் போட்ட அடித்தளம்தான் காரணம்.

டிராகன் ஏஜ் வேறு வழியில் போனது. தீடாஸ் என்ற அந்த உலகில் வெடிமருந்து குனாரி என்ற ஒரே இனத்தின் ரகசியம். காட்லாக் என்று அதை அழைப்பார்கள். அவர்கள் கப்பலில் பீரங்கி இருக்கிறது, மற்ற நாடுகளிடம் இல்லை. 2011-இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஜவாரிஸ் என்ற குள்ளர் வியாபாரி எப்படியாவது அந்தச் செய்முறையை வாங்கிவிடத் துடிப்பார், கிடைக்காது. இங்கே கவனிக்க வேண்டியது என்னவென்றால், இதே குனாரிகள்தான் தங்கள் மந்திரவாதிகளைச் சங்கிலியில் கட்டி, வாயைத் தைத்து வைக்கிறவர்கள். மந்திரத்தை நம்பாத சமூகம் வெடிமருந்தை நம்புகிறது. மனிதர்களின் பேரரசான டெவின்டரை ஆள்வதோ மந்திரவாதிகள். கேமில் நாம் ஒரு துப்பாக்கியைக்கூடத் தொடுவதில்லை, ஆனால் வெடிமருந்து உலக அரசியலையே நகர்த்துகிறது. ஆயுதப் பட்டியலில் துப்பாக்கியைச் சேர்க்க விருப்பமில்லாத டிசைனர்களுக்கு இது நல்ல முன்மாதிரி.

ஆர்கேனம் பற்றியும் சொல்லியாக வேண்டும், அது 2001-இல் வந்த டிராய்க்கா நிறுவனத்தின் கேம். காலம் கொஞ்சம் பிந்தியது, நீராவி எஞ்சின் யுகம். மந்திரமும் இயந்திரமும் ஒன்றையொன்று கெடுக்கும் என்பது அதன் அடிப்படை விதி. தொழில்நுட்பப் பக்கம் சாய்ந்த பாத்திரத்துக்கு, குணப்படுத்தும் மந்திரம் சரியாக வேலை செய்யாது. பெரிய மந்திரவாதியை ரயிலில் ஏற்ற மாட்டார்கள், எஞ்சின் கெட்டுவிடும் என்று. இவ்வளவு அழகான எண்ணத்தை வைத்துக்கொண்டு, சண்டைக் கணக்கில் சறுக்கிவிட்டார்கள். ஆரம்பத்தில் துப்பாக்கி எடுத்தவர் குண்டுக்குக் காசு தேடி அலைவார். வாளோ ஒரு எளிய தாக்கும் மந்திரமோ எடுத்தவர் ஓட்டமாய் முன்னே போய்விடுவார். உலகம் ஒன்று சொல்ல, எண்கள் வேறு சொல்லக்கூடாது. ஆனாலும் அந்த ரயில் நிலையத்துக்காகவே அதை இன்றும் பரிந்துரைப்பேன்.

அப்புறம், துப்பாக்கி வேண்டாம் என்கிற பலர் வெடிமருந்தை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டவர்கள்தான். பால்டர்ஸ் கேட் 3 ஆடியவர்களைக் கேளுங்கள்: வெடிமருந்துப் பீப்பாய்களைச் சுமந்து வந்து பாஸை, அதாவது பெரிய எதிரியை, சுற்றி அடுக்கி, தூரத்திலிருந்து ஒரு நெருப்பம்பு விட்டதை ஆசையாகச் சொல்வார்கள். பீப்பாய் நிறைய மருந்து இருக்கிற உலகத்தில், ஒரு இரும்புக் குழாயில் கொஞ்சம் போட்டுப் பார்க்கும் எண்ணம் யாருக்கும் வரவில்லை என்று நம்பச் சொல்வதுதான் எனக்குக் கடினமாக இருக்கிறது. அதன் மூலமான மேசை விளையாட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸே 2024 பதிப்பில் மஸ்கெட்டையும் பிஸ்டலையும் வழக்கமான ஆயுத அட்டவணையில் சேர்த்துவிட்டது.

துப்பாக்கியை உள்ளே விட்டால் உலகத்தின் மற்ற பாகங்களும் கொஞ்சம் அசைய வேண்டும். இதைச் செய்கிற கேம்கள் குறைவு. பிரெஞ்சு அரசர் எட்டாம் சார்லஸ் 1494-இல் பீரங்கிகளோடு இத்தாலிக்குள் இறங்கிய பிறகு, உயர்ந்த மெல்லிய மதில்கள் போய், தாழ்ந்த தடித்த, கோணம் கோணமாகத் துருத்தும் மண் நிரப்பிய அரண்கள் வந்தன. திரி இல்லாமல் தானே பொறி உண்டாக்கும் வீல்லாக் துப்பாக்கி வந்ததும் அதை உடைக்குள் ஒளித்துவைக்க முடிந்தது. பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் 1510-களிலேயே அதைத் தடைசெய்யப் பார்த்தார். 1584-இல் ஆரஞ்சு இளவரசர் வில்லியம் தன் வீட்டுக்குள்ளேயே பிஸ்டலால் சுட்டுக்கொல்லப்பட்டார். தடைசெய்யப்பட்ட ஆயுதம், அதைக் கள்ளத்தனமாகச் செய்யும் கடிகாரக் கைவினைஞர், விருந்து மண்டபத்துக்குள் நுழைய உடைச் சோதனை, வெடியுப்புக்காக மாட்டுக்கொட்டகை மண்ணைத் தோண்ட வரும் அரசாங்க ஆட்கள்: குவெஸ்ட், அதாவது கேமில் வரும் பணிகளை எழுதுபவர்களுக்கு இதில் எவ்வளவு இருக்கிறது! நெருப்பு மந்திரம் வீசும் உலகில், இடுப்பில் மருந்துக் குடுவையோடு நடப்பவனுடைய கதியையும் யோசியுங்கள். ஒரு தீப்பந்து மந்திரம் அவனுக்கு இரட்டைச் சேதம் என்று ஒரு விதி போட்டாலே, துப்பாக்கிக்காரனை எங்கே நிறுத்துவது என்பது தனி உத்தியாகிவிடும்.

எல்லா ஃபேண்டஸிக்கும் துப்பாக்கி தேவை என்று சொல்ல மாட்டேன். உலகம் அழிந்து, பழைய பெருமையின் சாம்பலில் நடக்கும் எல்டன் ரிங் போன்ற கேமில் அதற்கு வேலை இல்லை. துப்பாக்கி, எதையாவது புதிதாகக் கண்டுபிடிக்கும் சமூகத்தின் பொருள். அங்கே எல்லாம் முடிந்துபோயிருக்கிறது. வாள் ஒன்றின் பெயரும் வம்சமுமே கதையாக இருக்கும் இடத்திலும் வேண்டாம். மந்திரம் எல்லோருக்கும் சாதாரணமாகக் கிடைக்கும் உலகிலும் துப்பாக்கி பிறக்கக் காரணம் இல்லை. தெருவில் போகிறவனே விரலைச் சொடுக்கி நெருப்பு வரவழைத்தால் வெடியுப்பைத் தேடி யார் போவார்கள்? மந்திரம் அரிதாகவும் அதிகாரமாகவும் இருக்கும் இடத்தில்தான் துப்பாக்கிக்குத் தேவை பிறக்கிறது.

ஸ்கைரிம் கேமில் மோட், அதாவது ரசிகர்கள் செய்யும் மாற்றம், போட்டுத் துப்பாக்கி சேர்க்கலாமா என்று இதோடு சேர்த்துக் கேட்பவர்களும் உண்டு. உங்கள் கேம், உங்கள் விருப்பம், தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் மோடைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றிரண்டைப் பாருங்கள்: ரீலோடு மெதுவாக இருக்கிறதா, எதிரிகளுக்கும் அதே துப்பாக்கி கிடைக்கிறதா, குண்டு கடைகளில் அள்ள அள்ளக் கிடைக்காமல் இருக்கிறதா? இருந்தால் போடலாம். உங்களுக்கு மட்டும் துப்பாக்கி, ஊருக்கெல்லாம் வாள் என்றால் ஒரு மாலை நேரம் ஜாலியாகப் போகும், அதற்கு மேல் தாங்காது. வரலாற்று வழியில் முயல ஆசை இருந்தால் 2025-இல் வந்த கிங்டம் கம் டெலிவரன்ஸ் 2-ஐ எடுங்கள். 1403-இன் போஹேமியா, மந்திரம் கிடையாது, ஆனால் ஹுஸைட் போர்களுக்கு முந்தைய ஜிஷ்காவையே சந்திக்கலாம். அதில் வரும் கைத்துப்பாக்கியை ஒருமுறை லோடு செய்து சுட்டுவிட்டு, எதிரே ஓடிவருபவன் உங்களை எட்டுவதற்குள் இரண்டாம் முறை லோடு செய்ய முடிகிறதா என்று பாருங்கள். ஃபேண்டஸியே வேண்டுமென்றால் பில்லர்ஸ் முதல் பாகத்தில் தொடங்குங்கள். பாத்திரம் உருவாக்கும்போது மாக்ரனின் பூசாரியைத் தேர்ந்தெடுத்து, முதலில் கிடைக்கும் ஆர்கெபஸை அவர் கையில் கொடுங்கள்.